உட்காரத் தெரிந்த பிள்ளை

அன்புள்ள அக்காவுக்கு,

என் மகனுக்கு எட்டு வயது. பிறவியிலேயே இதயக் கோளாறு, டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ. பதினான்காம் மாதத்தில் ஆபரேஷன் ஆயிற்று. வருடத்துக்கு ஒரு முறை எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கிறோம். போன மாதம் டாக்டர், ‘நன்றாக இருக்கிறான், மற்ற பிள்ளைகளைப் போலவே விடுங்கள்’ என்றார். என்னால் முடியவில்லை. பி.டி. வகுப்பு வேண்டாம் என்று பள்ளியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் விளையாடும்போது வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறான். பாவமாக இருக்கும். வரும் வழியில் சாக்லேட் வாங்கித் தருவேன். அவன் அழக் கூடாது என்பதால் எதுவானாலும் விட்டுக்கொடுக்கச் சொல்லி அவன் தங்கையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நெஞ்சில் இருக்கும் தழும்பைப் பற்றிக் கேட்டால், சின்ன வயதில் கீழே விழுந்தது என்று சொல்லிவிடுவேன். கணவர் ஷான் ஒயிட் என்ற பனிச்சறுக்கு வீரரின் வீடியோவைக் காட்டி, ‘இவருக்கும் இதே நோய்தான்’ என்று சண்டை போடுகிறார். மாமியார் ஜாதகத்தோடு அலைகிறார். இப்போது பள்ளியில் ஊட்டிக்கு இரண்டு நாள் சுற்றுலா. அனுப்பலாமா?

பெயர் வேண்டாம், திருப்பூர்.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று என் சித்தி மகன் மதுரைக்கு வந்திருந்தான். அவனுக்கும் உங்கள் பிள்ளைக்கு இருந்த அதே கோளாறுதான். எக்கோ எடுத்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தவன், கரண்ட் இல்லாமல் லிஃப்ட் நின்றுபோனதால் கீழேயே நின்றுவிட்டான். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. கீழிருந்து போன் செய்து, “அக்கா, ஏறலாமா?” என்று கேட்டான். அவனுக்கு ஐம்பத்துநான்கு வயது. தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லி அன்று காலையில்தான் டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் குரல் காதில் இருக்கும்போதே உங்கள் கடிதத்தைப் படித்தேன். அதனால் கொஞ்சம் கோபமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜாதகத்தை விடுங்கள். அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. உங்கள் கணவர் காட்டும் வீடியோவும் வேண்டாம். ஷான் ஒயிட் இதே நோயோடு பிறந்தவர்தான், குழந்தையிலேயே நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்தான், 2006, 2010, 2018 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர்தான். அதனால் என்ன? உங்கள் பிள்ளை தங்கம் வாங்க வேண்டியதில்லை. கோகோ விளையாடினால் போதும்.

என் சித்தி மகனான அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் கிராமம். 1978இல் நான் ஆறாம் வகுப்பு, அவன் இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் பக்கத்து ஊரில், ஒன்றரை மைல். இரண்டு பேர் பையையும் நான்தான் சுமப்பேன். எப்போது பார்த்தாலும் நாவல்பழம் தின்ற வாய் மாதிரி இருக்கும் அவன் உதடு. நகமும் அப்படித்தான், நுனி உருண்டு நீலமாக இருக்கும். கொஞ்ச தூரம் நடப்பான், சட்டென்று நின்று ரோட்டோரம் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவான். முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வான். முதலில் கண்மாய்க்கரை ஏற்றத்தில், அப்புறம் சுமைதாங்கிக் கல்லில், அப்புறம் ஒற்றைப் பனையடியில் என்று மூன்று இடம். நான் கையில் வேலிக்கருவைக் குச்சியை வைத்துக்கொண்டு நிற்பேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு ஒழுங்காகிவிடும். எழுந்து, “போலாம்க்கா” என்பான்.

சோம்பேறி என்று வாத்தியார் அடித்திருக்கிறார். பெரியவர்கள் கேலி செய்திருக்கிறார்கள். சித்தியே சில நாள் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியிருக்கிறாள். அவன் ஏன் உட்காருகிறான் என்பது எங்களுக்குப் புரிந்தது 1983இல், அவனுடைய பன்னிரண்டாம் வயதில், சென்னையில் ஆபரேஷனுக்குச் சேர்த்தபோதுதான். ஒரு இளம் டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவே ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல். அதனால் சுத்தமாகாத ரத்தம் அந்த ஓட்டை வழியாக உடம்புக்குள் போய்விடுகிறது, பிள்ளை நீலமாகிறது. குத்தவைத்து உட்கார்ந்தால் கால்களின் ரத்தக் குழாய்கள் மடங்கி நெருக்கப்படும். உடம்புப் பக்கம் அழுத்தம் ஏறும். அப்போது ரத்தம் ஓட்டை வழியாகத் தப்பிப் போவது குறைந்து, நுரையீரல் பக்கம் கூடுதலாகப் போகும். இதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளையின் உடம்பு தானாகக் கண்டுபிடித்து வைத்திருந்த வைத்தியம் அது. அதற்குத்தான் நாங்கள் அவனை அடித்தோம்.

இந்த நோய்க்கு முதல் ஆபரேஷன் நடந்தது 1944 நவம்பரில், அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில். கத்தியைப் பிடித்தவர் பிளேலாக். செய்முறையை நாய்களிடம் செய்து தேறியிருந்த விவியன் தாமஸ் அவர் பின்னால் நின்று வழி சொன்னார். ஆனால் அந்த யோசனைக்கு வேராக இருந்தவர் ஹெலன் டாசிக் என்ற குழந்தை மருத்துவர். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. பிள்ளைகளின் நெஞ்சில் கையை வைத்து விரலால்தான் இதயத்தைக் கேட்டார். நீலம் பாய்ந்த குழந்தைகளை உட்கார்ந்து கவனித்துக்கொண்டே இருந்தார். பிள்ளை தன் உடம்பால் சொல்லிக்கொண்டிருப்பதைக் கவனித்த ஒரு பெண்ணால்தான், தங்கையே, உங்கள் மகனும் என் தம்பியும் இன்று நம்மோடு இருக்கிறார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என் ஆற்றாமை. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. உதடு சிவந்தது. அதை நம்ப முடியாமல் சித்தி விளக்கைக் கொண்டுவந்து பார்த்துப் பார்த்து அழுதாள். வீடு திரும்பிய மறுநாளிலிருந்து அவன் திண்ணையை விட்டு இறங்கவில்லை. நெஞ்செலும்பு கூடும்வரை சில வாரங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். சித்தி அந்தச் சில வாரத்தை ஆயுசு முழுக்க நீட்டிவிட்டாள். தண்ணீர்க் குடம் தொடக் கூடாது, சைக்கிள் கூடாது, கண்மாய்ப் பக்கம் போகக் கூடாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் போயிற்று. எந்நேரமும் உயிர் போகலாம் என்றிருந்த காலத்தில் தினமும் மூன்று மைல் நடந்த பிள்ளை, குணமான பின் வீட்டோடு அடைந்தான். இன்றைக்கும் அவனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சித்தியை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் பட்டது அவளுக்குத்தான் தெரியும். ஆனால் அவன் போன் செய்து “ஏறலாமா?” என்று கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. சின்ன வயதில் அவன் யாரையும் கேட்டதில்லை. தானே நடந்தான், தானே உட்கார்ந்தான், தானே எழுந்தான். அந்த அறிவை நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவனிடமிருந்து பிடுங்கிவிட்டோம்.

நீங்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஓடினால் பிள்ளைக்கு மூச்சு வாங்கும். எல்லாப் பிள்ளைக்கும் வாங்கும். எவ்வளவு வாங்கினால் நிற்க வேண்டும் என்பதை ஓடித்தான் கற்றுக்கொள்ள முடியும், வேப்பமரத்தடியில் கற்றுக்கொள்ள முடியாது. பள்ளிக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்குங்கள். வேறொன்று எழுதிக் கொடுங்கள்: ‘இவன் விளையாடட்டும். உட்கார வேண்டும் என்றால் யாரும் ஏன் என்று கேட்காமல் உட்கார விடுங்கள்.’ பி.டி. வாத்தியாரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேலி செய்யாமல் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். நிற்கலாம் என்ற உரிமை இருக்கிற பிள்ளையைப் பயமில்லாமல் ஓட விடலாம். இதை இன்னும் பத்து முறை எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

இது உங்கள் மகனுக்குச் சொல்வது. எல்லா இதயக் கோளாறுக்கும் இது பொருந்தாது. வால்வு மிகவும் குறுகிய பிள்ளைகள், இதயத் தசை தடித்த பிள்ளைகள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எல்லோருக்கும் டாக்டர் வேறு எல்லை போடுவார். அதைத் தாண்டக் கூடாது. உங்கள் பிள்ளைக்கே உதடு நீலமானாலோ, ஓடும்போது மயங்கினாலோ, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று அவன் சொன்னாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பின்னாளில் அவனுக்கு நுரையீரல் வால்வு மாற்ற வேண்டி வரலாம். என் தம்பிக்கு மாற்றினார்கள். அதனால் வருடாந்திர எக்கோவை ஒரு வருடம்கூட விடாதீர்கள்.

தழும்பைப் பற்றி ஏன் பொய் சொன்னீர்கள்? கீழே விழுந்தால் இப்படி நெஞ்சின் நடுவே நேர்கோடாகக் காயம் வராது என்று இன்னும் இரண்டு வருடத்தில் அவனுக்கே தெரியும். அன்றைக்கு உங்களை நம்ப மாட்டான். நோயின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். படம் போட்டுக் காட்டுங்கள், எட்டு வயதுக்கு நன்றாகப் புரியும். தன் நெஞ்சில் என்ன நடந்தது என்றே தெரியாத பிள்ளை, அங்கே ஏதாவது ஆனால் உங்களிடம் எப்படி வந்து சொல்லும்?

சாக்லேட்டுக்கு உங்களை இரண்டு அடி கூட வைக்கலாம். ஓட்டத்தைக் கண்டு பயப்படுகிறீர்கள், சொத்தைப் பல்லைக் கண்டு பயப்படவில்லை. வாயிலிருக்கும் கிருமி ரத்தத்தில் இறங்கினால், ஆபரேஷன் ஆன இதயத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். இரவு பல் துலக்காமல் படுக்க விடாதீர்கள். பல் டாக்டரிடம் போனால் முதல் வார்த்தையாக இதய ஆபரேஷனைச் சொல்லுங்கள். சில பிள்ளைகளுக்குப் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் தர வேண்டியிருக்கும்.

அப்புறம் அந்தச் சின்னப் பெண். நான் தம்பிக்குப் பை சுமந்தவள். அவனைத் திட்டக் கூடாது, அவன் கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்று வளர்ந்தவள். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளைச் சண்டை போட விடுங்கள். அவனுக்கும் அது நல்லது.

அன்றைக்கு நான் இறங்கிப் போய்த் தம்பியோடு சேர்ந்து படி ஏறினேன். முதல் திருப்பத்தில், “உட்காரணும்னா உட்காருடா” என்றேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். “இல்லக்கா, இன்னும் ஒரு மாடி பாக்குறேன்” என்றான். இரண்டாவது மாடியில் உட்கார்ந்தோம். கீழ்வீட்டுக்காரர்கள் போட்டிருந்த மல்லிகைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் இருந்தோம். பிறகு அவனே எழுந்தான்.

ஊட்டி கேட்டிருந்தீர்கள் அல்லவா? ஏழாயிரம் அடிக்கு மேலான ஊர், அதனால் டாக்டரை ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் கேட்காதீர்கள், அவனைக் கூட்டிக்கொண்டு போய் அவனையே கேட்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்றும் உங்கள் போன் நம்பரும் ஆசிரியரிடம் இருக்கட்டும். ஸ்வெட்டர் எடுத்து வையுங்கள். பையை அவனே தூக்கட்டும்.

அன்புடன்,
அக்கா