பாப்பா கேட்பது சாராயப் படிப்பு இல்லை, அண்ணே

அண்ணே, வணக்கம்.

நேற்று போனில் பாப்பாவின் படிப்பைப் பற்றி நீங்கள் பேசியதில் பாதி கோபம், பாதி பயம். "ஆல்கஹால்ல இருந்து தண்ணி எடுக்கிற படிப்புதான் படிப்பேங்குது. மாட்டுத்தாவணியில நாலு பேர் கேட்டா நான் என்னத்தச் சொல்றது?" என்றீர்கள். சிரித்துவிட்டேன், மன்னிக்கணும். நம்ம ஊரில் ஆல்கஹாலில் தண்ணீர் கலக்குகிறவர்கள்மேல்தான் புகார் வரும். எடுக்கிறவர்கள்மேல் யாரும் புகார் சொல்லிக் கேட்டதில்லை.

உங்கள் பூக்கடையிலிருந்தே தொடங்குகிறேன். மல்லி விலை படுத்துவிட்ட நாளில் சென்ட் கம்பெனிக்காரர்கள் பூ எடுக்கிறார்களே, அதை என்ன செய்கிறார்கள்? ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து மணத்தை இழுக்கிறார்கள். ஹெக்சேனை ஆவியாக்கிப் பிரித்தபின் மெழுகு மாதிரி ஒரு கட்டி மிஞ்சும். அதை ஆல்கஹாலில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடிகட்டி, ஆல்கஹாலையும் வெளியேற்றினால் கிடைப்பதுதான் வெளிநாட்டுக்குப் போகும் மல்லிகை எசன்ஸ். பாப்பா சொல்லும் ஆல்கஹால் இந்த வகை. மருந்து, பெயிண்ட், அச்சு மை என்று எங்கும் அது கரைப்பான். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும் அதுவே.

சிக்கல் என்னவென்றால், ஆல்கஹாலைக் காய்ச்சி வடித்துக்கொண்டே போனால் எடைக்கணக்கில் 95.6 சதவீதத்தில் வண்டி நின்றுவிடும். அந்த அளவில் கொதிக்கிற திரவத்திலும் கிளம்புகிற ஆவியிலும் தண்ணீர் ஒரே அளவில் இருப்பதால், எத்தனை முறை காய்ச்சினாலும் பிரியாது. பெட்ரோலில் கலக்க 99.5 சதவீதத்துக்கு மேல் சுத்தம் வேண்டும். முன்பெல்லாம் பென்சீன் மாதிரி இன்னொரு ரசாயனத்தைச் சேர்த்துப் பிரித்தார்கள். பிறகு தண்ணீரை உறிஞ்சும் ஜியோலைட் மணிகள் வந்தன. ஜியோலைட் என்பது நுண்துளைகள் நிறைந்த ஒரு கனிமம். இன்றும் பெரும்பாலான எத்தனால் ஆலைகளில் அவைதான். மணி நிறைந்ததும் அதை உலர்த்தி எடுக்கவேண்டும், அதுவரை பக்கத்துத் தொட்டி ஓடும்.

பாப்பா படித்துவிட்டுச் சொல்வது அடுத்த கட்டம். விரல் தடிமனில் ஒரு பீங்கான் குழாய். அதன்மேல் ஜியோலைட் படிகத்தை மெல்லிய தோலாக வளர்த்திருப்பார்கள். மெம்பிரேன் என்பது இந்தத் தோல்தான். தோலில் உள்ள துளை சுமார் 0.4 நானோமீட்டர். தண்ணீர் மூலக்கூறு 0.26தான், நுழைந்துவிடும். எத்தனால் அதைவிடப் பெரிது, வெளியே நிற்கும். சலிக்கிறபோது மாவு இறங்கித் தவிடு தங்குகிற கதை. கூடவே, ஜியோலைட்டுக்குத் தண்ணீர் என்றாலே ஒரு ஒட்டுதல். குழாய்க்கு வெளியே சூடான ஆல்கஹால், உள்ளே வெற்றிடம். தண்ணீர் மட்டும் ஆவியாக உள்ளே போய்விடும், நிறுத்தாமல் ஓட்டலாம். மொத்தத்தையும் திரும்பக் கொதிக்கவைக்க வேண்டியதில்லை என்பதால் எரிபொருளும் மிச்சம்.

ஜப்பானில் மிட்சுயி நிறுவனத்தார் அமைத்த ஆலையைப் பற்றி 2001-இல் கட்டுரை வந்தது. 16 அடுக்குகள், ஒவ்வொன்றிலும் 125 குழாய். 90 சதவீதக் கரைப்பானில் தண்ணீரை 0.2 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து, மணிக்கு 530 லிட்டர் கொடுத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 2,000 குழாய். தோலில் எங்காவது ஊசிமுனை விரிசல் இருந்தாலும் ஆல்கஹால் அதன்வழியே கசியும். அமிலம் பட்டால் இந்த வகை ஜியோலைட் கரைந்துபோகும். விலையும் அதிகம். கால் நூற்றாண்டு ஆகியும் மணிகளை இது முழுதாக ஓரங்கட்டாததற்கு இவைதான் காரணங்கள். பாப்பா மாதிரிப் பிள்ளைகளுக்கு இதில் வேலை மிச்சமிருக்கிறது என்று நான் சொல்வதும் இவற்றை வைத்துத்தான்.

ஆனால் ஒரு இடத்தில் பாப்பாவோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஏதோ ஒரு கல்லூரி நோட்டீஸில் மெம்பிரேன் என்ற பேரோடு இளநிலைப் படிப்பைப் பார்த்திருக்கிறது. வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் இப்படிப் பளபளப்பான பேருள்ள ஒரு படிப்புக்கு ஒரு பையனை நானே அனுப்பினேன். நாலு வருஷம் கழித்து வேலை விளம்பரங்களில் எல்லாம் 'கெமிக்கல் இன்ஜினியரிங்' என்றுதான் கேட்டார்கள். அவன் விண்ணப்பத்தை யாரும் தொடவே இல்லை. அவன் அம்மா என் வாசலில் வந்து நின்றது இன்னும் மறக்கவில்லை.

அதனால் பி.டெக்.கில் கெமிக்கல், அவ்வளவுதான். மெம்பிரேனை மேற்படிப்பில் பிடித்துக்கொள்ளலாம். கேட் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் மெம்பிரேனில்தான் ஓடுகிறது. வகை வேறு, அடிப்படைப் பாடம் ஒன்று. அதுவும் பிடிக்கவில்லை என்றால் மருந்து, உரம், சுத்திகரிப்பு என்று போக இடம் இருக்கிறது. முதல் விருப்பமாகக் கிண்டி ஏ.சி. டெக். (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) போடுங்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் நடக்கும் பி.டெக்.கையும் விடாதீர்கள், பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றீர்களே, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி.

ஒளிக்காமல் ஒன்று சொல்கிறேன். முதல் வேலை மதுரையில் கிடைக்காது. ஆலை வேலை என்றால் ஷிப்ட் உண்டு. தொடக்கச் சம்பளம் பக்கத்து வீட்டு ஐ.டி. பையனைவிடக் குறையலாம். இதை இப்போதே பாப்பாவிடம் சொல்லிவிடுங்கள், பிறகு தெரிந்தால் நம்மைத்தான் கேட்கும்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது பாப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: "அந்தக் குழாயை நீ செய்யணுமா, அதை வச்சு ஆலை ஓட்டணுமா?" செய்யணும் என்றால் வேதியியல் பக்கம் யோசிக்கலாம். அமெரிக்கன் கல்லூரியிலோ லேடி டோக்கிலோ பி.எஸ்சி., பிறகு ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. ஓட்டணும் என்றால் கெமிக்கல். கூடவே ஒரு கணக்கும் கொடுங்கள். 90 சதவீத ஆல்கஹால் 100 கிலோ இருக்கிறது, 99.5 ஆக்க எத்தனை கிலோ தண்ணீரை எடுக்கவேண்டும்? விடை ஒன்பதரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. விடிகாலையில் கமிஷன் கணக்குப் போடுகிற உங்களுக்கு இது நொடி வேலை. பாப்பா இதை ஆசையாகப் போடுகிறதா, அலுத்துக்கொள்கிறதா என்று மட்டும் பாருங்கள். நாலு வருஷமும் இந்த மாதிரிக் கணக்குதான்.

ஞாயிறு கடையைச் சாத்திவிட்டு பதினோரு மணிக்கு வாங்க. மார்க் ஷீட், சாதிச் சான்று, பாப்பா மூன்றும் வரணும். அந்த நோட்டீஸ் மட்டும் வேண்டாம்.