கார் லிஃப்ட் வாங்கும் முன் தரையைத் தோண்டிப் பாருங்கள்

வீட்டிலேயே காருக்கு ஆயில் மாற்றுவது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: வீட்டு ஷெட்டில் லிஃப்ட் போடலாமா? அதனால் இந்த முறை முழுக்க அதற்கே.

கேள்வி: அண்ணா, கோவை சரவணம்பட்டி பக்கம் சொந்த வீடு. பக்கவாட்டில் 12 அடி அகலம், 20 அடி நீளம், 11 அடி உயரத்தில் ஷெட் போட்டிருக்கிறேன், தரையில் டைல்ஸ். அப்பாவின் பிரீமியர் பத்மினி ஒன்று, என்னுடைய ஸ்விஃப்ட் ஒன்று. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதால் பத்மினியை நானே பிரித்துச் சரி செய்ய ஆசை. மூடிய ஒர்க்‌ஷாப்பிலிருந்து பழைய டூ போஸ்ட் லிஃப்ட், அதாவது இரண்டு தூண் லிஃப்ட் ஒன்று விலைக்கு வருகிறது. தரை தாங்கும் என்கிறார் மெக்கானிக், போல்ட் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்கிறார் மச்சான். யார் சொல்வது சரி?

பதில்: மச்சான் சொல்வது. லிஃப்டைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் தரை.

டூ போஸ்ட் லிஃப்டில் காரின் எடை தூணுக்கு நேர் கீழே இறங்குவதில்லை. தூணிலிருந்து நீண்டிருக்கும் கைகளின் நுனியில் உட்கார்கிறது. நிறைகுடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் உடம்பு முன்னால் சாயப் பார்க்கும் இல்லையா, அதேபோல இரண்டு தூண்களும் உள்பக்கம் சாயப் பார்க்கும். அடித்தகட்டின் உள்விளிம்பு தரையை அழுத்தும், வெளிப்பக்க போல்ட்டுகளைத் தரையிலிருந்து மேலே இழுக்கும். ஆக, காரைத் தாங்குவது அந்த போல்ட்டுகளும் அவை பிடித்திருக்கும் காங்கிரீட்டும்தான். பத்மினி ஒரு டன்னுக்கும் குறைவான வண்டி, லிஃப்டோ நான்கு டன் தூக்கும், பிறகென்ன பயம் என்று பலர் கேட்பார்கள். நான்கு டன் என்பது லிஃப்டின் கணக்கு. உங்கள் தரையின் கணக்கு அதில் இல்லை.

பொதுவாக இந்த வகை லிஃப்ட் செய்பவர்கள் குறைந்தது 4 இஞ்ச் கனத்தில், 3,000 பிஎஸ்ஐ (ஒரு சதுர இஞ்ச் தாங்கும் அழுத்தம், பவுண்டில்) வலிமையில் காங்கிரீட் கேட்பார்கள். காங்கிரீட்டின் வலிமையைத் தரம் பிரிக்கும் நம்ம ஊர்க் கணக்கில் எம்20-க்குச் சற்று மேலே, எம்25 என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் டைல்ஸுக்குக் கீழே என்ன இருக்கிறது? கிராவலோ எம்சாண்டோ கொட்டி, அதன் மேல் ஒன்றரை ஜல்லியில் 1:4:8 கலவை (சிமென்ட் ஒரு பங்கு, மணல் நான்கு, ஜல்லி எட்டு) மூன்று, நான்கு இஞ்ச். கம்பி கிடையாது. நடக்கவும் காரை நிறுத்தவும் அது போதும், ஆனால் லிஃப்டைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டைப் பிடித்து வைக்கிற சக்தி அதற்கு இல்லை. டைல்ஸ் மேலேயே போல்ட் அடித்துக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் தூண் வரப்போகிற இடத்தில் ஒரு டைலை எடுத்துவிட்டு, டிரில்லில் ஒரு துளை போடுங்கள். பிட் மண்ணுக்குள் சட்டென்று இறங்கும். கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு, காங்கிரீட்டின் அடியில் மாட்டி இழுத்து அளந்தால் உண்மையான கனம் தெரிந்துவிடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் லிஃப்ட் நிற்கிற பகுதி முழுவதையும் உடைத்து எடுத்து, அடிமண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, இரண்டு தூணுக்கும் சேர்த்து ஒரே பலகையாகக் கம்பி கட்டி எம்25 போடுவேன். கனமும் கம்பி அளவும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் உங்கள் மண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியது, அந்தப் பீஸை மிச்சம் பிடிக்காதீர்கள். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி 28 நாள் ஆன பிறகுதான் துளை. துளையிலிருக்கும் தூளை ஊதி எடுத்துவிட்டு போல்ட்டை இறக்கி, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்கவேண்டும். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி சரிபார்க்க வேண்டும்.

இடம் போதுமா? நான்கு டன் டூ போஸ்ட் லிஃப்டுகள் பெரும்பாலும் வெளி அளவில் 11 அடிக்குக் கொஞ்சம் மேலே வரும். உங்கள் 12 அடியில் நின்றுவிடும், ஆனால் தூணுக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் நுழைய முடியாது. உயரத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஸ்விஃப்ட் சுமார் 1.53 மீட்டர் உயரம், கைகள் பிடிக்கிற இடம் தரையிலிருந்து ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். கைகளை 1.8 மீட்டருக்கு ஏற்றினால் கார் 1.6 மீட்டர் ஏறியிருக்கும், கூரைத் தகடு 3.13 மீட்டரில் நிற்கும். 11 அடி என்பது 3.35 மீட்டர். பத்மினி இதைவிடத் தாழ்ந்த வண்டி, அதனால் அதுவும் சரி. ஷெட்டின் சரிவான பக்கத்தில், டியூப்லைட்டுக்குக் கீழே அளந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தலைக்கு மேல் குறுக்குச் சட்டம் போகிற மாடல் உங்களுக்கு ஆகாது, அது பெரும்பாலும் 12 அடி கேட்கும். கேபிளும் ஹோஸும் தரைத் தகட்டுக்குள் போகிற மாடல்தான் வேண்டும்.

பழைய லிஃப்ட் விஷயத்தில் எனக்குப் பயம் உண்டு. மேனுவல் இல்லாத லிஃப்டை வாங்கவே வாங்காதீர்கள். தூக்கிய காரைப் பிடித்து நிறுத்தும் இரண்டு பக்க லாக்கும் ஒரே சமயத்தில் டக் டக் என்று விழுகிறதா, இரண்டு பக்கத்தையும் ஒரே மட்டத்தில் ஏற வைக்கும் கம்பிக்கயிற்றில் இழை அறுந்திருக்கிறதா, கைகளைத் தூக்கியவுடன் அவை பக்கவாட்டில் சுழலாமல் பல் கடித்துப் பூட்டுகின்றனவா, வெல்டிங்கில் மயிரிழை விரிசல் உண்டா, இத்தனையும் பார்க்கவேண்டும். நீங்கள் இருப்பது கோவை. ஏடிஎஸ் எல்ஜி போன்ற கம்பெனி கேரேஜ் கருவிகள் செய்கிற ஊர், லிஃப்டைப் பிரித்துச் சேர்த்துப் பழகிய கைகள் நிறைய உண்டு. பணம் கொடுத்து அப்படி ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். மோட்டார் மும்முனையா ஒருமுனையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், ஒர்க்‌ஷாப் லிஃப்டுகள் பெரும்பாலும் மும்முனையில் ஓடுபவை.

கடைசியாகப் பத்மினி. உற்பத்தி நின்றே இருபது வருடத்துக்கு மேலாகிவிட்ட வண்டி அது, தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் எல்லாவற்றையும் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் பட்டை துருப்பிடித்திருந்தால் லிஃப்டின் கை அதைப் பொத்துக்கொண்டு உள்ளே போய்விடும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள், சத்தம் மந்தமாக வந்தால் முதல் வேலை வெல்டிங். அப்புறம் இன்ஜினை இறக்கினால் முன்பக்க எடை போய்விடும், வண்டி பின்னால் சாயும். இறக்குவதற்கு முன்பே பின்பக்கம் உயரமான ஸ்டாண்ட் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: திருச்சியிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் போர்ட்டிகோவில் லிஃப்ட் போடப்போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். போர்ட்டிகோவுக்குக் கீழேதான் சம்ப். எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் சொன்னால் கேட்க மாட்டார், நீங்கள் சொல்லுங்கள்.

பதில்: ஐயா, வேண்டாம். சம்ப் மூடி மேல் கார் நிற்பது வேறு, நின்று பழகிவிட்டது என்பதற்காக அங்கே துளை போட்டு போல்ட் இறக்குவது வேறு. அந்தப் பலகை மேலே நிற்கும் வண்டிக்காகக் கட்டியது, தூணின் இழுப்புக்காகக் கட்டியதல்ல. துளை போடும்போது உள்ளே இருக்கும் கம்பியை வெட்டினாலும் ஆபத்து, வெட்டாவிட்டாலும் தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். செப்டிக் டேங்க் மேலேயும் இதே பதில்தான். வேறு இடம் இல்லையென்றால் லிஃப்ட் ஆசையையே விட்டுவிடுங்கள். அம்மா, நீங்கள் பயந்தது சரி.

கேள்வி: சென்னை மடிப்பாக்கம். மழை அறிவிப்பு வந்தாலே காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது. 2015-லும் 2023 டிசம்பரிலும் பட்டது போதும். போர்ட்டிகோவிலேயே லிஃப்ட் போட்டுக் காரை மேலே ஏற்றி வைத்துவிட்டால் என்ன? உயரம் 10 அடி.

பதில்: நல்ல யோசனை, செய்யலாம். உங்களுக்குத் தேவை நான்கு தூண் லிஃப்ட். அதில் சக்கரங்கள் தட்டின் மேல் நிற்கும், எடை நான்கு மூலையிலும் நேராகக் கீழே இறங்கும். அதனால் தரையிடம் டூ போஸ்ட் கேட்கிற அளவுக்கு அது கேட்பதில்லை. நல்ல காங்கிரீட் வேண்டும் என்பது மட்டும் மாறாது, உங்கள் பகுதியில் மழைக்கு அடிமண் ஊறி இளகிவிடும் என்பதால் அதில் இன்னும் கவனம் தேவை. ஒரு மீட்டர் ஏற்றினால் போதும் என்றால் ஹேட்ச்பேக் காரும் தட்டின் கனமும் சேர்த்து 2.7 மீட்டர் சொச்சம், 10 அடிக்குள் அடங்கிவிடும். கத்தரி மாதிரி மடியும் சிசர் லிஃப்ட் இதற்கு வேண்டாம், அதன் சிலிண்டர் எல்லாமே தண்ணீர் வரும் மட்டத்திலேயே கிடக்கும்.

இங்கே எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. ஹைட்ராலிக் ஆயிலின் வேலை தூக்குவது மட்டும்தான். தூக்கிய காரைப் பிடித்து நிற்கவேண்டியது இரும்பு லாக். வேண்டிய உயரத்துக்குச் சற்று மேலே ஏற்றி, பிறகு மெல்ல இறக்கி, நான்கு மூலையும் லாக்கில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பின்புதான் சுவிட்சை அணைக்க வேண்டும். அப்படி வைத்துவிட்டால் கரண்ட் போனாலும் ஆயில் கசிந்தாலும் கார் அங்கேயே நிற்கும்.

ஆனால் லாக்கிலிருந்து காரை விடுவிக்க மறுபடி கொஞ்சம் மேலே தூக்கியாக வேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும். வெள்ளத்தில் மின்வாரியம் இணைப்பை நிறுத்திவிட்டால் கார் மேலேயே மாட்டிக்கொள்ளும். வீட்டில் வயதானவர்கள் இருந்து, அவசரத்துக்குக் கார் தேவைப்படலாம் என்றால் கைப்பம்ப் வைத்த மாடலாகவோ ஜெனரேட்டரில் ஓடுகிற மாதிரியோ கேட்டு வாங்குங்கள். சில மாடல்களில் லாக்கை எடுக்க கம்ப்ரசர் காற்றும் வேண்டும். மோட்டார் தூணில் இடுப்புக்கு மேலே இருக்கட்டும், மெயின் சுவிட்ச் அதற்கும் மேலே, எர்த்தும், மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் கட்டாயம். தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டு சுவிட்சைப் போடாதீர்கள், எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லட்டும்.

கேள்வி: கனடா, மார்க்கம். குளிர்காலத்தில் வெளியே எடுக்காத காரை மேலே ஏற்றிவிட்டுத் தினமும் ஓட்டுவதைக் கீழே நிறுத்த விருப்பம். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: நான்கு தூண் லிஃப்ட்தான். இரண்டு காரின் உயரம், தட்டின் கனம், நடுவில் கொஞ்சம் இடைவெளி, இதைக் கூட்டிப் பார்த்துவிட்டு உத்தரத்தை அளவெடுங்கள். இரண்டு ஸ்விஃப்ட் என்றாலே வெறும் காரின் உயரம் மட்டும் சுமார் 10 அடி வந்துவிடும். அங்கே முக்கியமான சிக்கல் கேரேஜ் கதவு. கதவு திறந்து உள்ளே படுக்கும் தண்டவாளமும் நடுவில் தொங்கும் மோட்டாரும் மேல் காருக்கு இடிக்கும். தண்டவாளத்தை உத்தரத்தை ஒட்டி உயர்த்தி, மோட்டாரைக் கதவின் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றிக் கொடுப்பார்கள், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். லிஃப்டில் ஏஎல்ஐ (ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிடியூட்) சான்றிதழின் தங்க நிற லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மேல் காரிலிருந்து ஆயில் சொட்டினால் கீழ்க் காரின் பெயின்ட் மேல் விழும், சொட்டுத் தட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கேரேஜுக்குள் ஓடி விளையாடும் வீடு என்றால் சுவிட்சுக்குப் பூட்டு போடாமல் ஒரு நாள்கூட விடாதீர்கள்.

கேள்வி: மதுரைப் பக்கம் பழைய ஒர்க்‌ஷாப்புகளில் இருப்பது மாதிரி பள்ளம் தோண்டிக்கொண்டால் செலவு குறையுமே?

பதில்: செலவு குறையும், ஆபத்து கூடும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, எல்பிஜியும் அப்படித்தான். இரண்டும் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். கையில் பிடித்திருக்கும் லைட்டின் ஒயர் ஒரு பொறி விட்டால் போதும், ஏறித் தப்பிக்கவும் வழி குறுகல். வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே இருக்கும் பள்ளம் என்றால் பெட்ரோல் லைன் சம்பந்தப்பட்ட எந்த வேலையையும் அதில் செய்யாதீர்கள், வேலை இல்லாத நேரம் பலகை போட்டு மூடி வையுங்கள்.

கேள்வி: விருதுநகர், கல்லூரி மாணவன். லிஃப்டுக்கெல்லாம் வசதியில்லை. காரோடு வந்த ஜாக்கியில் தூக்கி, ஹாலோ பிளாக் வைத்து அடியில் படுத்து வேலை பார்க்கிறேன். இது போதுமா அண்ணா?

பதில்: போதாது தம்பி, இன்றோடு நிறுத்து. காரோடு வருகிற ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும். ஹாலோ பிளாக் சுவர் கட்ட மட்டும், ஒரே இடத்தில் எடை அழுத்தினால் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கிவிடும். செங்கல்லும் வேண்டாம். ஒரு டிராலி ஜாக்கி, உன் காரின் எடைக்கு மேல் தாங்கும் இரண்டு இரும்பு ஜாக் ஸ்டாண்ட், இவ்வளவு வாங்கு. பணம் சேரும்வரை அடியில் போகிற வேலையை ஒர்க்‌ஷாப்பில் கொடு. வாங்கியதும் சமதளமான காங்கிரீட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வை. காரின் மேனுவலில் காட்டியிருக்கும் இடத்தில்தான் ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். ஸ்டாண்ட் மேல் இறக்கிய பிறகு காரைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பார், அசையவில்லை என்றால் மட்டும் உள்ளே போ. வீட்டில் யாராவது ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது செய்.