1,600 ரூபாய் வேலைக்கு ஒன்றே முக்கால் லட்சமா?

கேள்வி: பெரம்பலூர் அருகே லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சின்ன வெங்காயத்தின் தாளையும் வேரையும் ஒரே ஓட்டத்தில் நறுக்கும் இயந்திரம் ஒன்றை மூன்று ஆண்டுகள் பாடுபட்டுச் செய்தேன். சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர், 1.75 லட்சம் ரூபாய் கொடுத்தால் ஆறே மாதத்தில் ‘உலகக் காப்புரிமை’ (பேட்டன்ட்) வாங்கித் தருவதாகவும், கம்பெனி பிடித்து விற்றுக் கொடுப்பதாகவும் சொல்கிறார். விண்ணப்பத்தில் தன் பெயரையும் சேர்க்க வேண்டுமாம். கடந்த தை மாதம் ஊர்க் கண்காட்சியில் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினேன். அதன் பிறகு, வெங்காயத்தை நிமிர்த்தி அனுப்பும் அதிர்வுத் தட்டு ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். அதை யாருக்கும் காட்டவில்லை. பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

உலகக் காப்புரிமை என்று ஒன்று கிடையாது. பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே சர்வதேச விண்ணப்பம் போட ஒப்பந்தம் இருக்கிறது. அதில் கிடைப்பது கால அவகாசம் மட்டுமே. பிறகு எந்த நாட்டில் உரிமை வேண்டுமோ, அந்த நாட்டில் தனியாக மனுப்போட்டு, தனியாகக் கட்டணம் கட்டி, அங்குள்ள வழக்கறிஞரையும் அமர்த்த வேண்டும். சின்ன வெங்காயத் தாள் நறுக்கும் இயந்திரத்துக்கு ஜெர்மனியில் காப்புரிமை எதற்கு என்று அந்த ஆலோசகரிடமே கேட்டுப் பாருங்கள்.

ஆறு மாதம் என்பதும் அப்படித்தான். மனுவைக் காப்புரிமை அலுவலகம் சீக்கிரமே ஆராயும் விரைவுப் பரிசோதனை என்ற வழி சட்டத்தில் உண்டு. ஆனால் அது பெண்கள், ஸ்டார்ட்அப்கள், சிறு நிறுவனங்கள் போன்றோருக்கானது. தனி ஆணாக மனுப்போடும் உங்களுக்குச் சாதாரண வரிசைதான். மனு வெளியிடப்படுவதற்கே பொதுவாக 18 மாதம் ஆகும். அதன் பிறகு பரிசோதகரின் ஆட்சேபம், உங்கள் பதில், விசாரணை என்று ஆண்டுகள் போகும். நம் அலுவலகங்களின் வேகத்தைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் பக்கம் போதாது.

அப்படியானால் ஆறு மாதத்தில் அவர் எதைத்தான் கொடுப்பார்? பெரும்பாலும் இரண்டில் ஒன்று. விண்ணப்ப எண் போட்ட ரசீதைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டித் தருவார். அது மனுப்போட்டதற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். இல்லையென்றால் வடிவமைப்புப் பதிவுச் சான்றிதழ் வரும். முத்திரை இருக்கும், அரசின் பெயர் இருக்கும், பார்க்கக் காப்புரிமை போலவே இருக்கும். ஆனால் அது காப்பது பொருளின் தோற்றத்தை மட்டும். இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பக்கத்து ஊர்க்காரர் மூடியைச் சதுரமாக்கிவிட்டு, உள்ளே உங்கள் கத்தியை அப்படியே வைத்து விற்கலாம். இந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டு, காப்புரிமை வாங்கிவிட்டதாக நம்பி இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது, அவர் தன் பெயரைச் சேர்க்கச் சொல்வதுதான். பணத்தைவிட இது பெரிய இழப்பு. காப்புரிமைச் சட்டத்தின் 50-வது பிரிவைப் படித்தால் உங்களுக்குத் தூக்கம் வராது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூட்டு உரிமையாளர்கள் இருவருக்கும் சம பங்கு. அவர் உங்களைக் கேட்காமலே அந்த இயந்திரத்தைச் செய்து விற்கலாம். லாபத்தில் உங்களுக்கு ஒரு பைசா கணக்குக் காட்ட வேண்டியதில்லை. நீங்களோ அவர் சம்மதம் இல்லாமல் எந்தக் கம்பெனிக்கும் உரிமம் கொடுக்க முடியாது. மூன்று ஆண்டு உழைத்தது நீங்கள்; கையெழுத்துக்காக அவர் வீட்டு வாசலில் நிற்பதும் நீங்களாகத்தான் இருக்கும். ‘சும்மா ஒரு நடைமுறைக்குத்தான்’ என்பார். அப்படிச் சொல்பவரை அன்றோடு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. இந்தியாவில் காப்புரிமை முகவர் என்பவர் அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் பெற்று, அரசு நடத்தும் தேர்வில் தேறி, பதிவேட்டில் பெயர் ஏறியவர். அந்தப் பட்டியல் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் இருக்கிறது. உங்கள் ஆலோசகரிடம் முகவர் எண்ணைக் கேளுங்கள். பேச்சை மாற்றினால் விடை தெரிந்துவிட்டது.

இனி உங்கள் கண்காட்சி விஷயம். மனுப்போடும் முன் பொதுவில் காட்டிய ஒன்றுக்கு, காப்புரிமைக்கு வேண்டிய புதுமை போய்விடுகிறது. காட்டியவர் கண்டுபிடித்தவரே ஆனாலும் அப்படித்தான். ‘கண்காட்சியில் காட்டினால் ஒரு வருடம் சலுகை உண்டாமே’ என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உண்டு. 31-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் எந்தக் கண்காட்சி? மத்திய அரசு அரசிதழில் அறிவித்து, இந்தப் பிரிவின் சலுகை இதற்குப் பொருந்தும் என்று குறிப்பிட்ட கண்காட்சி. மாவட்ட ஆட்சியர் ரிப்பன் வெட்டியது போதாது. அமைச்சர் வந்து உங்கள் இயந்திரத்தின் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டதும் போதாது. கல்லூரி விழா, உழவர் தினம், சங்க மாநாடு எதுவும் சேராது. அறிவிக்கப்பட்ட கண்காட்சியே ஆனாலும், அது தொடங்கிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் மனுப்போட்டிருக்க வேண்டும். வருடத்துக்குப் பத்துப் பேராவது இந்தச் சலுகையை நம்பி ஏமாந்து என்னிடம் வருகிறார்கள். சாதாரணக் கண்டுபிடிப்பாளன் அரசிதழைத் தேடிப் படித்துவிட்டுத்தான் கண்காட்சிக்குப் போக வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் நினைத்தாரோ தெரியவில்லை.

ஆகவே தை மாதம் காட்டிய இயந்திரத்தை மறந்துவிடுங்கள். அதிர்வுத் தட்டு இன்னும் உங்கள் பட்டறைக்குள் இருக்கிறது; அதுதான் உங்கள் சொத்து. ஆனால் பழைய இயந்திரமே இப்போது உங்களுக்கு எதிர்ச்சாட்சி. தட்டு தன் வேலையைத் தனியாகவும், கத்தி தன் வேலையைத் தனியாகவும் செய்தால், தெரிந்த பொருள்களை அடுக்கி வைத்தது என்று 3-வது பிரிவைக் காட்டித் தள்ளிவிடுவார்கள். வெங்காயம் நிமிர்ந்து வருவதால் கத்தியின் அமைப்பே மாறியதா? வெங்காயமே வெட்டுப்படுவது எவ்வளவு குறைந்தது? தட்டுடன் நூறு, தட்டில்லாமல் நூறு ஓட்டி, எண்ணி, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். அதோடு ‘கூகுள் பேட்டன்ட்ஸ்’ தளத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தேடுங்கள், காசில்லை. தேங்காய் உரிக்கும் கருவி ஒன்றைத் தான் கண்டுபிடித்ததாக ஒருவர் என்னிடம் வந்தார். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ‘கேரமித்ரா’ கருவியை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

தேடி முடித்ததும் தற்காலிக விவரக்குறிப்புடன், அதாவது கண்டுபிடிப்பை விளக்கும் முதல்கட்டக் குறிப்புடன், மனுப்போடுங்கள். தனி நபருக்கு இணையம் வழியாக 1,600 ரூபாய். சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் காகிதமாகக் கொடுத்தால் 1,750. அந்தத் தேதி உங்களுடையதாகிவிடும். முழு விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாதம் இருக்கிறது. தவறினால் மனு கைவிடப்பட்டதாகிவிடும். மனுவைப் பரிசோதிக்கக் கோர இன்னும் 4,000 ரூபாய். முகவருக்குப் பணம் கொடுப்பதானால் முழு விவரக்குறிப்பின் கடைசியில், எதற்கெல்லாம் உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் உரிமைக்கோரல்களை எழுதக் கொடுங்கள். வேலி அங்கேதான் போடப்படுகிறது. தவறான ஒரு சொல் போதும், ஆடு உள்ளே வந்துவிடும்.

கம்பெனி பிடித்துத் தருகிறேன் என்பவரிடம் ஒன்று கேளுங்கள்: ‘கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை பேரிடம் பணம் வாங்கினீர்கள், அவர்களில் எத்தனை பேர் உங்களுக்குக் கொடுத்ததைவிட அதிகம் சம்பாதித்தார்கள்?’ இந்தக் கணக்கை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1999-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை. நாமேதான் கேட்க வேண்டும்.

காப்புரிமை கிடைத்தாலும் அரசு வந்து காவல் நிற்காது. வழக்குப் போட வேண்டியது நீங்கள். பஜாஜும் டிவிஎஸ்ஸும் இரட்டைத் தீப்பொறி இன்ஜினுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2007-ல் தொடங்கிய சண்டையில், இத்தகைய வழக்குகளை நான்கு மாதத்தில் முடியுங்கள் என்று 2009-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அப்படியும் அந்தச் சண்டை 2019-ல் சமரசத்தில்தான் முடிந்தது. ஜெர்மனி, சீனாவில் இருப்பது போலச் சிறு கண்டுபிடிப்புகளுக்கான எளிய உரிமையும் நம் நாட்டில் இல்லை.

அதனால் விண்ணப்ப எண் கைக்கு வந்ததும் கம்பெனிக்காகக் காத்திருக்காமல், நீங்களே ஐந்து இயந்திரம் செய்து வெங்காயத்தைப் பட்டறை போட்டுச் சேமித்து வைப்பவர்களிடம் வாடகைக்கு விடுங்கள். அரசு மானியப் பட்டியலில் இடம் வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தின் சோதனைச் சான்று கேட்பார்கள். அந்த வரிசையில் இப்போதே துண்டு போட்டு வையுங்கள். விண்ணப்ப எண் வரும்வரை தட்டைக் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, வருகிறவர்களுக்குப் பழைய இயந்திரத்தை மட்டும் ஓட்டிக் காட்டுங்கள்.