பழைய பிக்கப்புக்கு எந்த டயர்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2014 மாடல் பொலேரோ பிக்கப் வைத்திருக்கிறேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி வெளியூர் ஓட்டுகிறேன். நான்கு டயரும் மாற்ற வேண்டும். வண்டியில் இருப்பது 215/75 ஆர்15. அதே அளவில் விலை குறைந்த டயரைக் காட்டி, 'பொலேரோ டயர்தான், கச்சிதமாக உட்காரும்' என்கிறார் கடைக்காரர். போடலாமா?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: போடாதீர்கள். அது ஆள் ஏறும் பொலேரோவின் டயராக இருக்கலாம். அந்த வண்டிக்கும் 215/75 ஆர்15 தான். அதனால் ரிம்மில் நன்றாகவே உட்காரும். சிக்கல் சுமை ஏற்றும்போதுதான் வரும்.

டயரின் பக்கவாட்டில் அளவை அடுத்து இருக்கும் எண்ணைப் படியுங்கள். 100 என்றால் அந்த டயர் தாங்குவது 800 கிலோ. சரக்கு டயரில் 'எல்டி' (லைட் டிரக்), '8 பிஆர்' (டயரின் சுமை வலிமையைக் காட்டும் பிளை ரேட்டிங்) என்ற எழுத்துகளும் 106/103 போல ஜோடி எண்ணும் இருக்கும். முதல் எண்தான் உங்களுக்கானது: 106 என்றால் 950 கிலோ. இரண்டாவது, பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர் போடும் வண்டிக்கு. எழுத்து அழிந்திருந்தால் ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடுங்கள். அங்கே ஐஎஸ் 15633 என்றிருந்தால் கார் டயர், 15636 என்றிருந்தால் சரக்கு வண்டி டயர். கடைக்காரரோடு வாதாடவே தேவையில்லை.

உங்கள் வண்டிக்கு எவ்வளவு தேவை என்பதை எடை மேடையில் தெரிந்துகொள்ளலாம். வழக்கமான லோடுடன், பின்சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்துங்கள். 1,750 கிலோ காட்டினால் ஒரு டயர் மேல் 875 கிலோ. 800 கிலோ டயர் நின்ற இடத்திலேயே தோற்றுவிட்டது. வளைவில் வெளிப்பக்க டயருக்கு இன்னும் கூடும். அளவுக்கு மீறி அமுங்கும் டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். அதில் பிறக்கும் சூடு உள்ளே கம்பி அடுக்குக்கும் ரப்பருக்கும் உள்ள பிடிப்பை விடுவிக்கும். முதலில் ஓர் இடத்தில் புடைக்கும், பிறகு பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) உரியும், சித்திரை வெயிலில் நாற்கரச் சாலையில் வேகமாகப் போகும்போது வெடிக்கும். இதில் மிச்சம் பிடிக்கும் பணம் ஒரு லோடு தக்காளிக்குக்கூட ஈடாகாது.

10 பிஆர் போட்டால் கூடுதலாக ஏற்றலாமே என்று நினைக்க வேண்டாம். ஆக்ஸிலும் பிரேக்கும் ஸ்பிரிங் பட்டையும் பழையவைதானே. காலியாக வரும்போது வண்டி குதிக்கவும் செய்யும்.

கேள்வி: அதே வண்டிக்கு 235/75 ஆர்15 போட்டால் என்ன?

பதில்: 215/75 டயரின் விட்டம் சுமார் 703 மி.மீ., 235/75-இன் விட்டம் 733 மி.மீ. வண்டி 15 மி.மீ. உயரும், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 62.5 கிலோமீட்டர் வேகத்தில் போவீர்கள். மலை ஏறும்போது இழுவை குறையும், கிளட்ச்சுக்கு வேலை கூடும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் முன் டயர் மட்கார்டில் உரசவும் கூடும். எஃப்சி-யிலும் கேள்வி வரும். கதவோரத்துத் தகட்டில் இருக்கும் அளவையே போடுங்கள்.

கேள்வி: இப்போதைக்கு இரண்டு டயர்தான் வாங்க முடியும். முன்னாலா, பின்னாலா?
– வாசகர், திருச்சி

பதில்: பின்னால். முன் டயர் வெடித்தால் ஆபத்து என்று பலரும் புதியதை முன்னால் போடுகிறார்கள். ஆனால் காலி பிக்கப்பின் பின்பக்கம் மிக லேசு. மழையில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரளவு சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிக்கொள்ளும், பிடிப்பது மிகக் கடினம். முன்னால் நிற்கும் பழைய டயர் மொட்டையாக இருக்கக் கூடாது என்பது தனி. பட்டன் இடுக்கில் இருக்கும் சிறு மேடு 1.6 மி.மீ. உயரம், ரப்பர் அதற்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் அது கழிக்க வேண்டிய டயர்.

ஒரே ஆக்ஸிலில் ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் ரேடியல் கூடவே கூடாது. பின்னால் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று போட்டாலும் விட்டம் மாறி, நேர் ரோட்டிலும் டிஃபரென்ஷியல் (இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) ஓயாமல் வேலை செய்யும்.

கேள்வி: 'புது டயர்' என்று தருவது நிஜமாகவே புதிதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: 'டிஓடி' எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஒரு பக்கச் சுவரில் மட்டும் இருக்கலாம், டயரைத் திருப்பிப் பாருங்கள். ஓரிரு ஆண்டுக்கு மேல் கடையில் கிடந்ததென்றால் வேறு கேளுங்கள். அப்படியே ஸ்டெப்னியின் எண்ணையும் பார்த்துவிடுங்கள்: பட்டன் தேயாமலே ரப்பர் வெடிப்பு விட்டுக் கிடப்பது அதில்தான்.

கேள்வி: ட்யூப் போட்ட பழைய ரிம்மில் ட்யூப்லெஸ் டயர் போடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: டயர் உட்காரும் விளிம்பை ஒட்டி உள்ளே ரிம் முழுக்க ஒரு சிறு மேடு ஓடினால் அது ட்யூப்லெஸ் ரிம். அது இல்லையென்றால் போடக் கூடாது. மேடு இருந்தும் துரு பிடித்திருந்தால் காற்று கசியும். துருவைச் சுரண்டி பெயின்ட் அடித்த பிறகே மாட்டச் சொல்லுங்கள். வால்வையும் புதிதாக்குங்கள். சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைதான் தாங்கும். அதற்கு மேல் காற்று அடிக்கும் டயர் என்றால் இரும்பு வால்வு கேளுங்கள். ட்யூப் டயரே போடுவதானால் ட்யூபும் புதிது வேண்டும், ரேடியல் டயருக்கு ரேடியல் ட்யூப். பழைய ட்யூப் விரிந்திருக்கும். உள்ளே மடிந்து, மடிப்பில் அறுந்துவிடும்.

கேள்வி: முன் டயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறது. டயர் மட்டமா?

பதில்: டயர் மேல் குற்றமில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு (ஸ்டியரிங்கின் திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி). அதைச் சரிசெய்யாமல் அலைன்மென்ட் பார்ப்பது வீண். எல்லாம் முடித்துப் புது டயர் மாட்டினால் முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை எதிரெதிராக மறுபடி இறுக்குங்கள்.