டாப்பைக் கழற்றலாமா?

கேள்வி: அப்பா வைத்திருந்த 1978 பத்மினி கார். ஒன்றரை லட்சத்துக்கு டாப்பை வெட்டி, திறந்த காராக்கித் தருவதாக ஒரு டிங்கர் சொல்கிறார். செய்யலாமா? (திருச்சி)

பதில்: வேண்டாம். பத்மினிக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் பாரம் தாங்குகிறது. டாப்பும் அதில் ஒரு பங்கு. இப்படி வெட்டிய கார் ஒன்றை ஒரு பட்டறையில் பார்த்தேன். பின்பக்கம் ஜாக்கி ஏற்றியதும் கதவு திறக்கவில்லை, இறக்கினால்தான் திறந்தது. நடுவில் தொய்ந்துவிட்டது. மாரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரின் திறந்த மாடலுக்குக் கம்பெனியே அடியிலும் கதவுத் தூணிலும் கூடுதல் தகடு வைத்துத்தான் விற்றது.

கேள்வி: ஹெரால்டில் டாப் போல்ட்டில்தான் நிற்கிறதாமே? (சென்னை)

பதில்: உண்மைதான். பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரித்த கார் அது. இரண்டு கதவு மாடலில் டாப்பை ஸ்பேனராலேயே கழற்றலாம், பாரத்தைத் தனி சேசிஸ் சுமக்கிறது. துரு தின்னாத சேசிஸாக இருந்தால் சரி. ஆனால் போல்ட் கழன்றாலும் ஆர்.சி. விடாது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பிடிபட்டால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 50 வயது தாண்டிய காருக்குத் தரும் விண்டேஜ் பதிவும் அசல் உருவம் கெடாமல் இருந்தால்தான்.

கேள்வி: ஏற்கெனவே வெட்டிய கார், போட்டோவில் அருமையாக இருந்தது. ஆர்.சி.யில் சலூன் (டாப் மூடிய கார்) என்று இருக்கிறது. டோக்கன் அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன். (ஈரோடு)

பதில்: அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டு என்ன பயன்? மிச்சத்தையாவது அனுப்பாதீர்கள்.

கேள்வி: 80,000 வாங்கிக்கொண்டு டாப்பை வெட்டினார்கள். பதினான்கு மாதமாகக் கார் பட்டறை வாசலில் மழையில் நிற்கிறது. இன்னும் 60,000 கேட்கிறார்கள். பில் கிடையாது. (மதுரை)

பதில்: படிக்கவே வயிறு எரிகிறது. இந்த ஊரில் "பாத்துக்கலாம் சார்" என்ற ஒரு வார்த்தைக்கு எத்தனை பணம் போயிருக்கிறது! எஸ்டிமேட் கேட்டால் பாத்துக்கலாம், ஆர்.சி.யில் மாற்றம் கேட்டால் பாத்துக்கலாம், எப்போது முடியும் என்றாலும் பாத்துக்கலாம். நாமும் கூச்சப்பட்டுக்கொண்டு, பழைய சினிமா நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதித் தந்ததை வாங்கி மடித்து வைத்துக்கொள்கிறோம். இனியாவது வேலை, தொகை, தேதி மூன்றையும் எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள். இப்போதைக்குப் பணம் போன வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் குரல் பதிவு, கார் நிற்கும் போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். மசியாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். செய்யக் கூடாத வேலையைக் கேட்டதை எதிர்த்தரப்பு கிளறும், மறைக்காதீர்கள்.

கேள்வி: ஜீப் ஹூட்டுக்கு ரெக்சினா, கேன்வாஸா? (கோவை)

பதில்: கேன்வாஸ். மலிவு என்று என் பழைய ஜீப்புக்கு ரெக்சின் தைத்தேன். இரண்டாவது சித்திரை வெயிலில் மடிப்பெல்லாம் வெடித்தது. ஐப்பசியில் பின்சீட்டில் இருந்த அரிசி மூட்டை முழுக்க நனைந்து, இரண்டு நாள் மொட்டை மாடியில் காயவைத்தும் வாடை போகவில்லை.