ஓட்டு கேட்க ஒரு வெப்சைட்: சில கேள்விகள், சில பதில்கள்

கோவையில் பதினைந்து வருடமாக வெப்சைட் செய்து கொடுக்கிறேன். பம்பு செட் கம்பெனி, பனியன் ஏற்றுமதி, கல்யாண மண்டபம் என்று எல்லாம் பார்த்தாயிற்று. தேர்தல் வந்தால் வேட்பாளர்களும் வருவார்கள். எந்தக் கட்சி என்று நான் கேட்பதில்லை, அட்வான்ஸ் மட்டும் கேட்பேன். போன மாதம் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் ஒன்பதுக்கு இங்கே பதில்.

எங்க அண்ணன் பேரூராட்சி கவுன்சிலருக்கு நிற்கப் போறாருங்க. வார்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச மூஞ்சி. வாட்ஸ்அப் குரூப்பே போதாதுங்களா? (சூலூர்)

போதும். ஒரு வார்டை நடந்தே இரண்டு சுற்று முடித்துவிடலாம். தளத்துக்கு வைத்திருக்கும் காசை மிச்சம் பிடியுங்கள்.

சட்டமன்றம் என்றால் கதை வேறு. இரண்டரை லட்சம் வாக்காளர்கள் இருக்கும் தொகுதியில் உங்கள் பெயரைக் கேள்விப்பட்டவர், யார் இந்த ஆள் என்று போனில் தேடுவார். குரூப்பில் போட்டது மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்திருக்கும். 1996 தேர்தலில் மொடக்குறிச்சியில் 1033 பேர் நின்றார்கள், வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டி வந்தது. அப்போது டெபாசிட் 250 ரூபாய். இப்போது பொதுப் பிரிவுக்கு 10,000 என்பதால் அந்தக் கூட்டம் வராது. ஆனால் உங்கள் பெயரிலேயே இன்னும் இரண்டு பேர் மனு போடுவது இன்றைக்கும் நடக்கிறது. அந்த மூன்று பேரில் எது நீங்கள் என்று காட்டுவதற்கே ஒரு தளம் வேண்டும்.

முதல் பக்கத்துல தலைவர் படம் பெரிசா வேணும்கறாங்க. மாவட்டம் படம் சின்னதாப் போட்டா கோவிச்சுக்குவார். ஒன்றியமும் கேக்கறார். வேட்பாளரை எங்கதானுங்க வைக்கிறது? (திருப்பூர்)

இந்தத் தொழிலில் கோடிங்குக்கு ஆகும் நேரத்தைவிட இந்தப் பஞ்சாயத்துக்கு ஆகும் நேரம் அதிகம். ஃபிளெக்ஸில் அந்த வரிசைக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. அதை நின்று பார்ப்பதே கட்சிக்காரர்கள்தான், யார் படம் விட்டுப்போயிற்று என்று எண்ணுவதும் அவர்கள்தான். தளத்துக்கு வருகிறவர் வேறு ஆள். பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனைப் பார்க்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை கம்பியில், டேட்டா தீரப் போகிறது. நாலு தலைவர்களை விரலால் தள்ளிய பிறகுதான் வேட்பாளர் தெரிவார் என்றால் அவர் அதற்கு முன்பே போனைப் பைக்குள் போட்டுவிடுவார்.

நான் செய்கிற சமரசம் இது: தலைவர்கள் எல்லாரும் மேலே ஒரே மெல்லிய பட்டையில். அதற்குக் கீழே வேட்பாளரின் முகம், பெயர், தொகுதி, சின்னம். இந்த நாலும் திரையைத் தள்ளாமலே தெரிய வேண்டும். மாவட்டத்துக்கும் ஒன்றியத்துக்கும் 'பொறுப்பாளர்கள்' என்று தனிப் பக்கம் போட்டு, அந்த லிங்க்கை அவர்களுக்கே அனுப்பிவிடுவேன். இதுவரை யாரும் கோபிக்கவில்லை. அவர்கள் அந்த ஒரு பக்கத்தைத்தான் திறக்கிறார்கள்.

2015 முதல் வாக்குப்பதிவு இயந்திரத்தில் பெயருக்குப் பக்கத்தில் வேட்பாளரின் படமும் இருக்கிறது. ஒரே பெயர்க்காரர்களால் வரும் குழப்பத்துக்காக வந்த ஏற்பாடு. அங்கே கொடுக்கும் படமும் தளத்தில் இருக்கும் படமும் ஒரே ஜாடையில் இருக்கட்டும். மீசையை எடுத்துவிட்டு மீசை வைத்த படத்தைப் போடாதீர்கள். சுயேச்சைகளுக்குச் சின்னம், மனு வாபஸ் முடிந்த பிறகுதான் உறுதியாகும். அதுவரை அந்த இடத்தைக் காலியாக விட்டு, கிடைத்த அன்று ராத்திரியே ஏற்றிவிடுங்கள்.

நோட்டீஸ் மேட்டரை பிரஸ்காரர் மெயில்ல அனுப்பினார். தளத்துல ஒட்டினா ஒரே இங்கிலீஷ் எழுத்தாக் கொத்துபரோட்டா மாதிரி வருது. (கோபி)

அது பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்தது. ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டு வைத்திருப்பார்கள். பிரஸ் கம்ப்யூட்டரை விட்டு வெளியே வந்ததும் சட்டை கழன்றுவிடும். எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். கொம்பும் புள்ளியும் இடம் மாறி, 'வாக்காளர்' வேறு எதுவாகவோ ஆகியிருக்கும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று நோட்டீஸைப் படமாகப் போட்டுவிடுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து கூகுள் தேடலில் ஒழுங்காக அகப்படாது. கண் தெரியாதவரின் போன் அதை வாசித்துச் சொல்லாது. கண் தெரிந்தவருக்கும் சின்னத் திரையில் அது எறும்பு ஊர்ந்த மாதிரிதான்.

வாக்குறுதிகளைப் பத்துத் தலைப்பில் எழுதினோம். படித்துப் பார்த்தால் எந்தத் தொகுதிக்கும் பொருந்துகிற மாதிரி இருக்கிறது. (அவிநாசி)

நோயை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். 'வளர்ச்சி, வேலைவாய்ப்பு, நேர்மையான நிர்வாகம்' என்று எழுதினால், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக் கன்னியாகுமரியிலும் ஓட்டு கேட்கலாம்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தைக் கொண்டு வருவோம் என்று எழுதி எழுதியே இரண்டு தலைமுறை போயிற்று. 2024 ஆகஸ்ட் 17-இல் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டுவிட்டது. பவானியின் உபரி நீரைக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1045 குளம், குட்டைகளுக்குக் கொண்டுபோவது கணக்கு. ஆகவே பழைய வாக்குறுதி இனிச் செல்லாது. தோட்டத்துக்காரர் இப்போது கேட்பது வேறு: எங்க ஊர்க் குட்டைக்குத் தண்ணி வந்ததா? வராவிட்டால் எங்கே நின்றது? பட்டியலில் விட்டுப்போன குட்டையை எப்படிச் சேர்ப்பது? உங்கள் பையன்கள் நாலு பேர் வண்டி எடுத்துக்கொண்டு போய், குட்டை குட்டையாகப் படம் பிடித்து, பெயர், தேதி, தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று போடட்டும். சென்னையில் கட்சி ஆபீஸில் உட்கார்ந்து யாரும் இதை எழுத முடியாது.

பதவிக்குத் தக்கபடி எழுதுவதும் முக்கியம். கவுன்சிலர் வேட்பாளர் நூல் விலையைக் குறைக்கிறேன் என்றால் சோமனூர் விசைத்தறிக்காரர் சிரிப்பார். சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் வரும் நாள் என்று எழுதினால் நின்று படிப்பார்.

இன்னொன்று, சங்கடமான விஷயத்தை மழுப்ப வேண்டாம். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்பதில் பாசனக்காரர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். 'அனைவரையும் கலந்தாலோசித்து நல்ல முடிவு' என்று எழுதுகிற வேட்பாளரை இரண்டு பக்கமும் நம்பவில்லை என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

வெப்சைட் செலவும் தேர்தல் கணக்கில் வருமா? நண்பர் ஒருவர் சும்மாவே செய்து தருகிறேன் என்கிறார். (ஈரோடு)

வரும். இணையப் பிரசாரம் பற்றிய அறிவுறுத்தலைத் தேர்தல் ஆணையம் 2013 அக்டோபரிலேயே கொடுத்துவிட்டது. விளம்பரத்துக்குக் கட்டும் காசு, வீடியோ தயாரிப்பு, கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் பையன்களின் சம்பளம் எல்லாம் அதில் அடக்கம். 2022 முதல் தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்குக் கொடுக்க வேண்டும். தக்க காரணமில்லாமல் கொடுக்காமல் விட்டால் மூன்று வருடம் தகுதி போய்விடும். நண்பர் சும்மா செய்தாலும் அதற்கு ஒரு மதிப்புப் போட்டு எழுதிவிடுவதுதான் முறை. அவரிடம் ஒரு கடிதம் வாங்கி ஆடிட்டரிடம் கொடுத்து வையுங்கள். சமூக ஊடகக் கணக்குகளின் விவரத்தை மனுவோடு தரும் பிரமாணப் பத்திரமான படிவம் 26-இலும் எழுத வேண்டும்.

காசு கட்டி இணையத்தில் ஓட்டும் அரசியல் விளம்பரத்துக்கு முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். உங்கள் தளத்தில் நீங்களே எழுதுவதற்கு அது வேண்டாம், ஆனால் நடத்தை விதிகள் அதற்கும் உண்டு. உள்ளாட்சிக்கு நிற்பவர்கள் இந்தத் தொகைகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கணக்கு, தனி.

தளத்தைத் திறந்ததும் பிரசாரப் பாட்டு ஓடணும், காங்கேயம் காளை துள்ளி வரணும்னு வேட்பாளர் ஆசைப்படறாருங்க. (காங்கேயம்)

காளையை ஒரு படமாக நிறுத்தி வையுங்கள். பாட்டு வேண்டாம். எழவு வீட்டில் உட்கார்ந்து யாராவது திறந்தால் என்ன ஆகும்?

கருத்துச் சொல்ல வருபவர்களிடம் பெயர், போன் நம்பர், பூத், சமூகம் எல்லாம் வாங்கினால் பின்னால் உதவுமே? (நாமக்கல்)

'சமூகம்' என்ற கட்டத்தை இன்றைக்கே எடுங்கள். அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் பாதிப் பேர் மூடிவிட்டுப் போவார்கள், ஒருத்தர் ஸ்கிரீன்ஷாட் எடுப்பார். அந்த ஒருத்தர் போதும். போன் நம்பர் வாங்கினால் எதற்கென்று பக்கத்திலேயே தமிழில் எழுதுங்கள், சம்மதம் கேளுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்தாயிற்று. நம்பர் வாங்கிவிட்டால் இரண்டு நாளுக்குள் ஓர் ஆள் திருப்பிப் பேச வேண்டும். பேச ஆள் இல்லாத தளத்தில் படிவமே வைக்காதீர்கள்.

அண்ணன் மேல் ஒரு போராட்ட வழக்கு இருக்கிறது. தளத்தில் சொல்லலாமா, அப்படியே விட்டுவிடலாமா? (பெருந்துறை)

விட்டுவிட்டால் எதிராளி சொல்வார். பிரமாணப் பத்திரத்தை யார் வேண்டுமானாலும் ஆணையத்தின் தளத்தில் எடுத்துப் பார்க்கலாம். உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் போட்ட உத்தரவுப்படி, வழக்கு உள்ளவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கட்சியும் தன் தளத்தில் காரணம் எழுத வேண்டும். ஆகவே மூடி வைக்க எதுவும் மிச்சமில்லை. எந்தப் போராட்டம், எந்த வருடம், வழக்கு இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று மூன்று வரியில் எழுதுங்கள். மின்கட்டணத்துக்காகத் திரண்ட விவசாயிகள் 1970-இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டைச் சந்தித்த பகுதி இது. போராட்ட வழக்கு என்றால் என்னவென்று இங்கே சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அடிதடி வழக்கைப் 'போராட்டம்' என்று எழுதினால் அதையும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தேர்தல் முடிஞ்சப்புறம் தளத்தை என்ன பண்றதுங்க? (தாராபுரம்)

ஜெயித்தால் வாக்குறுதிப் பக்கத்தை அழிக்காமல், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என்ன ஆயிற்று என்று எழுதிக்கொண்டே போங்கள். செய்கிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை. தோற்றாலும் டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, விடாதீர்கள், முக்கியமாக அது உங்கள் பெயரில் இருக்கட்டும்.

சில வருடம் முன்பு ஒருவர் அவசரத்தில் என்னிடம் வந்தார். அவர் டொமைனைக் கூட இருந்த தம்பி ஒருவர் தன் மெயிலில் வாங்கியிருந்தார். வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது இருவருக்கும் மனஸ்தாபம். தம்பி எதிர் முகாமுக்குப் போனார், பாஸ்வேர்டும் கூடவே போயிற்று. முகவரியோ எல்லா நோட்டீஸிலும் அச்சாகிவிட்டது. புதுப் பெயர் வாங்கி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து நோட்டீஸ் மேல் ஸ்டிக்கர் ஒட்டினோம். அவர் தோற்றார். பழைய டொமைனைத் தம்பியும் புதுப்பிக்கவில்லை, வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். அப்புறம் ஒருநாள் அவர் பேத்தி பள்ளிக்கூட வேலைக்காகத் தாத்தா பெயரைத் தேடியிருக்கிறாள். ரம்மி விளம்பரத்துக்கு மேலே தாத்தாவின் பெயர் அப்படியே இருந்ததாம்.