ஐம்பதுக்கு மேல் சைக்கிள் வாங்குகிறீர்களா? முதலில் உட்கார்ந்து பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 52. உயரம் ஐந்தடி நாலு அங்குலம், எடை 81 கிலோ. மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறேன். கல்லூரிக் காலத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை. நடந்தால் முழங்கால் வலிக்கிறது. டாக்டர் சைக்கிள் ஓட்டலாம் என்றார். காலையில் தெப்பக்குளம் வரை போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வர ஆசை. கடையில் 29 இஞ்ச் சக்கரம், 21 கியர், டிஸ்க் பிரேக், முன்னால் ஷாக் அப்சார்பர் வைத்த சைக்கிளைக் காட்டி, 17,500 ரூபாய் சொல்கிறார்கள். மகன் ஆன்லைனில் விலை குறைவு என்கிறான். முதுகும் காலும் வலிக்காமல் ஓட்ட எதை வாங்கலாம்? சில நாள் என் மனைவியும் ஓட்டுவார்.

பதில்: இன்னும் பணம் கொடுக்கவில்லையே, நல்லது. கொடுக்காதீர்கள். அவர்கள் காட்டிய சைக்கிளில் எழுதியிருப்பது எல்லாமே கண்ணுக்குத்தான். உங்கள் இடுப்புக்கும் முழங்காலுக்கும் அதில் ஒன்றும் இல்லை.

மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் விட்ட காலத்திலிருந்து நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். ‘சைக்கிள் ஓட்டினேன், முதுகு பிடித்துக்கொண்டது’ என்று வருகிறவர்களின் வண்டியைப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் மூன்று இடத்தில்தான் இருக்கும். பிரேம் அளவு பொருந்தியிருக்காது, சீட் மிகவும் கீழே இருக்கும், ஹாண்டில்பார் எட்டாத தூரத்தில் இருக்கும். மூன்றுமே விலையோடு சம்பந்தப்பட்டவை அல்ல.

முதலில் பிரேம். கடையில் 26, 27.5, 29 என்று சொல்வதெல்லாம் சக்கரத்தின் அளவு. சட்டைக்குக் காலர் அளவு இருப்பதுபோல சைக்கிளுக்கு அளவு என்பது பிரேமின் உயரம், நீளம். அதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். கேட்டால், ‘அண்ணே, எல்லாருக்கும் செட் ஆகும்ணே, சீட்டை ஏத்தி இறக்கிக்கலாம்’ என்பார். சீட்டை ஏற்றலாம் இறக்கலாம். பிரேமை என்ன செய்ய முடியும்? உங்கள் உயரத்துக்கு 16 அல்லது 17 இஞ்ச் பிரேம் போதும். சீட்டுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவில் ஓடும் பாரின் இரண்டு பக்கமும் கால் போட்டு, பாதம் முழுவதும் தரையில் பதிய நில்லுங்கள். பாருக்கும் உங்கள் கவட்டைக்கும் நடுவில் இரண்டு அங்குல இடைவெளியாவது வேண்டும். 29 இஞ்ச் வண்டியில் உங்களுக்கு அது கிடைப்பது கஷ்டம்.

உங்கள் மனைவியும் ஓட்டுவார் என்கிறீர்கள். அப்படியானால் பார் தாழ்ந்திருக்கும் வண்டியாகவே வாங்குங்கள். ‘லேடீஸ் சைக்கிளா?’ என்று நம் ஊரில் ஆண்கள் கூச்சப்படுகிறார்கள். இருபத்தைந்து, முப்பது வருடம் கழித்து ஏறுகிறவருக்குக் காலைப் பின்னால் சுழற்றிப் போட்டு ஏறுவதுதான் முதல் ஆபத்து. தாழ்ந்த பார் இருந்தால், தடுமாறினாலும் கால் தரைக்கு வந்துவிடும். இடுப்புப் பிடிப்பு இருக்கிறவர்கள் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

அடுத்து அந்த ஷாக் அப்சார்பர். அந்த விலைக்கு வருகிற முன் ஃபோர்க்கில், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில், உள்ளே இருப்பது பெரும்பாலும் சாதாரண ஸ்பிரிங்தான். அதுவே இரண்டு கிலோவுக்கு மேல் எடை. நீங்கள் மிதிக்கும்போதெல்லாம் அமுங்கி எழுந்து, உங்கள் பலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதைவிட முக்கியம்: உங்கள் எடையில் பெரும்பங்கு பின் சக்கரத்தின் மேல் இருக்கிறது. ஸ்பிரிங் இருப்பது முன் சக்கரத்தில். பின்னால் விழும் குழியின் அடி நேராக உங்கள் முதுகுத்தண்டுக்குப் போகும்போது முன் ஸ்பிரிங் என்ன செய்யும்?

உண்மையான ஷாக் அப்சார்பர் டயரில் இருக்கிற காற்று. ஒன்றே முக்கால் அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் வரை அகலமான டயர், மேலே பொத்தான் பொத்தானாகத் துருத்தாமல் ஓரளவு வழவழப்பானது, இதுதான் உங்களுக்கு. எவ்வளவு காற்று என்று டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும். குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் நடுவில் வையுங்கள், பின்னால் கொஞ்சம் கூடுதலாக. கல் மாதிரி அடித்தால்தான் ‘நல்ல காற்று’ என்று நினைக்கிறவர்கள்தான் முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். பெட்ரோல் பங்க் கம்ப்ரசரில் வைத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அளவைத் தாண்டிவிடும். கையால் அடிக்கும் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். கண்மாய்க் கரைப் பக்கம் போகிறவர் என்றால் டயர் தடிமனாக இருப்பது நல்லது. அங்கே சீமைக் கருவேல முள்ளுக்கு மெல்லிய டயர் ஒரு வாரம் தாங்காது.

சரி, கியர். மதுரை தட்டையான ஊர். நீங்கள் போகிற தெப்பக்குளப் பாதையில் 21 கியருக்கு வேலையே இல்லை. முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, மொத்தம் 21. அதில் பாதி ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே கனம்தான். முன் கியர் மாற்றும் கம்பி மழையிலும் புழுதியிலும் இறுகிப்போக, ஆறு மாதத்தில் நடுப் பல்சக்கரத்திலேயே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு முழங்கால் வலி இருக்கிறது. தினமும் ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்க வேண்டியவர், பசுமலைப் பக்கம் மேட்டில் வீடு உள்ளவர், இவர்களுக்குக் கியர் வேண்டும். அப்போதும் முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் மட்டும் ஏழு, அது போதும். மேடு வருவதற்கு முன்பே லேசான கியருக்கு மாறிவிட வேண்டும். ஏறத் தொடங்கி, முக்கி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழன்றுவிடும். உங்களைப் போல ஏதோ ஒரு நாள் மட்டும் பாலம் ஏறுகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், அதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை. அப்படி இறங்கவும் மனமில்லை, கியர் வண்டியும் வேண்டாம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. இதை எந்தக் கடையிலும் தானாகச் சொல்லமாட்டார்கள்.

நம் ஊர் கியரில்லாத வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் 44 பல், பின் சக்கரத்தின் பல்சக்கரமான பிரீவீலில் 18 பல். ஒரு முறை பெடலைச் சுற்றினால் பின் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றும். 26 இஞ்ச் சக்கரமானால் வண்டி சுமார் 5 மீட்டர் போகும். இளவட்டங்களுக்கு அது சரி. 18 பல் பிரீவீலைக் கழற்றிவிட்டு 22 பல் போடச் சொல்லுங்கள். இப்போது ஒரு மிதிக்கு இரண்டு சுற்று, சுமார் 4 மீட்டர். வேகம் குறையும், முழங்காலில் விழும் பாரமும் குறையும். செயினில் ஒரு கண்ணி கூட்ட வேண்டியிருக்கும். வேலை அரைமணி நேரம்தான், செலவும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். என்னிடம் மூட்டு வலியோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் செய்து கொடுப்பது இதைத்தான்.

டிஸ்க் பிரேக்கும் உங்களுக்கு வேண்டாம். விலை குறைந்த வண்டியில் தட்டு லேசாக வளைந்தாலே சர் சர் என்று உரசிக்கொண்டே வரும். ரிம்மைப் பிடிக்கிற சாதாரண வி-பிரேக் போதும், தெரு மெக்கானிக் யாரும் சரிசெய்துவிடுவார்.

இனி சீட். அகலமாக, மெத்தென்று, ஜெல் வைத்தது என்று தேடாதீர்கள். நாம் உட்கார்வது இரண்டு எலும்பு முனைகளின் மேல். அந்த முனைகளை சீட் தாங்க வேண்டும். அவை புதைந்து போனால் நடுவில் இருக்கிற நரம்பு அமுங்கி மரத்துப்போகும். வீட்டில் ஒரு பழைய அட்டைப் பெட்டியை வெட்டி, பெஞ்சில் போட்டு, அதன்மேல் கொஞ்சம் முன்னால் சாய்ந்து ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்திருங்கள். அட்டையில் இரண்டு குழி விழுந்திருக்கும். குழிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, அதோடு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட்டுங்கள். சீட்டின் பின்பக்க அகலம் அவ்வளவு இருந்தால் போதும்.

சீட்டின் உயரத்தில்தான் நம்மவர்கள் எல்லோரும் தவறுகிறார்கள். இரண்டு பாதமும் தரையில் படுகிற மாதிரி இறக்கி வைத்துக்கொண்டால் பயம் இருக்காது என்று நினைப்பு. அப்படி ஓட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் மடங்கி மார்பு வரை வரும். முழங்கால் வலிக்காமல் என்ன செய்யும்? சுவரோரம் வண்டியை நிறுத்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்காலில் லேசான மடிப்பு வரும், அதுதான் சரியான உயரம். முதல் நாளே அந்த உயரத்தில் ஓட்டப் பயமாக இருக்கும். ஒரு வாரம் தாழ்வாக வைத்துக்கொண்டு, பிறகு அரை அங்குலம் அரை அங்குலமாக ஏற்றுங்கள். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகிக்கொள்ளுங்கள். சீட் கம்பியில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரிகிற அளவுக்கு உயர்த்தக்கூடாது.

ஹாண்டில்பார் சீட்டின் மட்டத்திலோ அதற்கு மேலோ இருக்கட்டும். பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும், விறைத்து நிற்கக்கூடாது. பழைய மாதிரி ஹாண்டிலில் மேலே இருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டினால் விட்டுக்கொடுக்கும், உயர்த்திக்கொள்ளலாம். நீங்கள் பார்த்த மாதிரி மலை சைக்கிள்களில் அது பெரும்பாலும் முடியாது.

இப்போது எச்சரிக்கை. ‘எனக்குத் தெரிந்த கடை’ என்று கூட்டிப் போகிறவரை நம்பி மட்டும் போகாதீர்கள். பல நேரம் அவருக்கு ஒரு பங்கு உண்டு, அது உங்கள் பில்லில்தான் ஏறும். அடுத்தது பாகங்களைச் சேர்த்து வண்டி பூட்டுகிற இடத்தில் நடக்கிற மோசடி. என் உறவுக்கார அம்மா ஒருவருக்கு நானே பார்த்து ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்து, ‘நாளைக்கு பூட்டி வைக்கிறோம்’ என்றதால் விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் போனால் டயர் வேறு, சீட் வேறு. நல்ல சரக்கைக் கழற்றிக்கொண்டு மட்டமானதைப் போட்டிருந்தார்கள். கேட்டதற்கு, ‘கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வருது’ என்று நெஞ்சறிந்து பொய் சொன்னார்கள். ஆகவே பணம் கட்டும் முன் டயர், சீட், பெடல் எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். பெடல் அச்சுக்குக் கீழே பிரேமில் நம்பர் அடித்திருக்கும், அதை பில்லில் எழுதி வாங்குங்கள். வண்டி திருடு போனாலும் அந்த நம்பர்தான் உதவும். முடிந்தால் கண்ணெதிரே பூட்டச் சொல்லி, நின்று பாருங்கள்.

விலை பேசும்போது மட்கார்டு, ஸ்டாண்டு, கேரியர், பெல் எல்லாம் சேர்த்தா என்று கேளுங்கள். மலை சைக்கிள்களில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. பேசி முடித்த பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முன் பத்தாயிரம் ரூபாய் வண்டி என்றால் 11,200க்குப் பதில் 10,500. பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

மகன் சொல்லும் ஆன்லைன் வண்டி பெட்டியில் பாதி பூட்டியபடி வரும். உட்கார்ந்து பார்க்க முடியாது என்பதே எனக்குப் போதுமான காரணம். மீறி வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள். இடது பெடலுக்கு மரை தலைகீழ், வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினால்தான் ஏறும். தெரியாமல் அழுத்தித் திருகி, மரை தேய்ந்த, பெடலைத் தாங்கும் கிராங்கோடு எத்தனை பேர் வருகிறார்கள்!

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு இருபது வருடத்துக்கும் மேலாகச் சைக்கிள் கொடுத்து வருகிறது. நல்ல திட்டம், எத்தனையோ பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு நடக்காமல் கொண்டு சேர்த்த திட்டம். அந்தச் சைக்கிளை ஓட்ட இந்த ஊரில் எங்கே பாதை இருக்கிறது? குழாய்க்கும் சாக்கடைக்கும் தோண்டி, மேலே மண்ணை அள்ளிப் போட்டு மூடி, அடுத்த மழையில் உள்வாங்குகிற சாலை. கோடு போடாத வேகத்தடை. இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஆகவே காலை ஆறரை மணிக்கு முன்பே போய்விட்டு வந்துவிடுங்கள், பின்னால் ஒரு சிவப்பு விளக்கு மாட்டிக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக, 26 அல்லது 27.5 இஞ்ச் சக்கரம், 16 அல்லது 17 இஞ்ச் பிரேம், தாழ்ந்த பார், நிமிர்ந்து உட்காரும் ஹாண்டில், கியர் இல்லாதது. இப்படி ஒரு வண்டிக்கு நீங்கள் 17,500 கொடுக்க வேண்டியதில்லை. ஒரு மாதம் ஓட்டிய பிறகு சக்கரத்தின் ஆரக் கம்பிகள் தளர்ந்து சக்கரத்தில் லேசாகக் கோட்டம் வரும், பிரேக் கம்பியும் நீண்டிருக்கும். அந்த முதல் சர்வீஸை இலவசமாகச் செய்து தருகிறேன் என்று கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது, பில்லின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.